புலி மேல் ஏறியது யார்? சத்யம் ஒப்புதல் கடிதம்: குற்றச் சிந்தனை, தனிமனிதப் பொறுப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத் தலைவர் பி. ராமலிங்க ராஜு பல ஆண்டுகளாகக் கணக்கைப் பொய்யாகக் காட்டியதை ஒப்புக்கொண்டு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபிக்கும் பங்குச் சந்தைகளுக்கும் நகல் போனது. 179 ரூபாய் அளவில் இருந்த பங்கு அன்று மாலைக்குள் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. சுமார் 53,000 ஊழியர்கள் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாமல் வீட்டுக்குப் போனார்கள்.

குற்றம் செய்தவர் பிடிபடும் முன்பே, கணக்கு விவரத்தோடு தானாக எழுதிய ஒப்புதல்கள் அரிது. பெரும்பாலான வாக்குமூலங்களில் போலீஸின் கேள்வியோ வழக்கறிஞரின் திருத்தமோ ஊடே இருக்கும். இந்தக் கடிதம் அந்த வகையில் வேறுபட்டது. அதனால்தான் குற்றச் சிந்தனை எப்படி இயங்குகிறது, பொறுப்பேற்பது என்றால் என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் இது நல்ல ஆவணம். ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வு யாருக்கும் மனநோய் முத்திரை குத்தவில்லை. கடிதத்தில் உள்ள சொற்கள், விசாரணையில் வெளிவந்த செயல்கள், இந்த இரண்டுக்கும் இடையே உள்ள உறவு ஆகியவற்றை மட்டுமே பார்க்கிறது.

588 என்ற எண்

கடிதத்தின் கணக்கு இது. 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி கையிருப்பிலும் வங்கியிலும் இருப்பதாகக் காட்டியது 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. வரவேண்டிய வட்டி என்று காட்டிய 376 கோடியும் இல்லை. கணக்கில் காட்டாத கடன் 1,230 கோடி. வாடிக்கையாளர் பாக்கியில் மிகைப்படுத்தியது 490 கோடி. கூட்டினால் 7,136 கோடி.

இந்தப் பெரிய தொகைதான் செய்திகளில் வந்தது. மனம் எப்படி வேலை செய்தது என்பதைக் காட்டுவது அதைவிடச் சிறிய ஓர் எண். அந்த ஒரு காலாண்டின் உண்மையான வருவாய் 2,112 கோடி. காட்டியது 2,700 கோடி. வித்தியாசம் 588. உண்மையான செயல்பாட்டு லாபம் 61 கோடி, அதாவது 3 சதவீதம். காட்டியது 649 கோடி, 24 சதவீதம். அங்கும் வித்தியாசம் 588. அந்தக் காலாண்டில் மட்டும் வங்கி இருப்பில் செயற்கையாக ஏறியதும் 588 கோடி என்று கடிதமே சொல்கிறது.

மூன்று இடத்திலும் ஒரே எண் வருவதற்குக் காரணம் உண்டு. பொய்யான விற்பனைக்குச் செலவு கிடையாது. எந்தப் பொறியாளரும் வேலை செய்யவில்லை, யாருக்கும் சம்பளம் தரவில்லை. ஆகவே காட்டிய விற்பனை முழுவதும் லாபமாகப் போய் நிற்கும். அந்த லாபம் எங்கேயாவது சொத்தாக இருந்தாக வேண்டும். முதலில் அதை வாடிக்கையாளர் பாக்கி என்று எழுதலாம். ஆனால் பாக்கி வசூலாகாமலே கிடந்தால் ஆடிட்டர் கேட்பார். எனவே வசூலானதாகக் காட்டி வங்கிக் கணக்கில் ஏற்ற வேண்டும். வங்கியில் பணம் இருந்தால் வட்டி வர வேண்டும். அந்த வட்டியையும் புனைய வேண்டும். புனைந்த வட்டிக்கு வரி கட்ட வேண்டும், அந்த வரி மட்டும் உண்மையான பணம். ஒரு காலாண்டில் எழுதிய பொய் அடுத்த காலாண்டில் நான்கு இடங்களில் பராமரிப்பு கேட்கிறது.

இதை ஒருவர் அறியாமல் செய்ய முடியாது. சிபிஐ கண்டெடுத்த போலி இன்வாய்ஸ்கள் 7,561; மதிப்பு 5,117 கோடி ரூபாய் அளவு; காலம் 2003 முதல் 2008 வரை. நிறுவனத்தில் ஒரு பில் உருவாக வேண்டுமானால் முதலில் ஒரு மென்பொருளில் ப்ராஜெக்ட் பதிவாக வேண்டும், வேறொன்றில் ஊழியர்களின் வேலை நேரம் ஏற வேண்டும், மூன்றாவதில் பில்லிங் ஒப்புதல் ஆக வேண்டும். கடைசியில்தான் இன்வாய்ஸ் மேலாண்மை மென்பொருளுக்கு அது வந்து சேரும். போலி இன்வாய்ஸ்கள் இந்த வரிசையில் வரவே இல்லை. எக்செல் கோப்பிலிருந்து நேராகக் கடைசி மென்பொருளுக்குள் ஏற்றப்பட்டன. அதற்கென உயர் அதிகாரம் கொண்ட தனிப் பயனர் கணக்கு இருந்தது. உள்ளே ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் 'எச்' அல்லது 'எஸ்' என்று ஒரு குறி. 'எஸ்' போட்டது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். 'எச்' போட்டது விற்பனைப் பிரிவுக்குத் தெரியாது. தன் வாடிக்கையாளருக்கு நிறுவனம் அனுப்பியதாகச் சொல்லும் பில்லை அந்த வாடிக்கையாளரைக் கவனிக்கும் அதிகாரியே பார்க்க முடியாது.

மறைக்க ஒரு பொத்தான் செய்து வைத்திருப்பது, அது தவறு என்று தெரியும் என்பதற்கு நேரடிச் சான்று. சட்டத்தில் இதற்குப் பெயர் குற்ற மனம். மனநலக் குறைவு, அறியாமை, தற்செயல் என்ற மூன்று விளக்கங்களும் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகின்றன. மிஞ்சுவது ஒரு கடினமான கேள்வி: தெரிந்தே செய்யும் ஒருவர், தன்னை நல்லவராக நினைத்துக்கொண்டே எப்படி 20க்கும் மேற்பட்ட காலாண்டுகள் செய்ய முடிகிறது?

சமாதானம் முன்பா, பின்பா

அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, பணம் கையாடிச் சிறை சென்றவர்களைப் பேட்டி கண்டு 1953இல் ஒரு விளக்கம் தந்தார். வெளியே யாரிடமும் சொல்ல முடியாத பணச் சிக்கல், பதவி தரும் வாய்ப்பு, 'நான் திருடன் இல்லை' என்று நினைத்துக்கொள்ள உதவும் ஒரு சமாதானம். இவை மூன்றும் சேர வேண்டும் என்றார். மூன்றாவது, குற்றம் செய்த பிறகு கண்டுபிடித்த சாக்கு இல்லை, செய்வதற்கு முன்பே மனதில் தயாராக இருப்பது என்பது அவருடைய முக்கியமான வாதம். 1957இல் கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா இருவரும் அந்தச் சமாதானங்களை ஐந்தாகப் பிரித்தார்கள். என் பொறுப்பு இல்லை. யாருக்கும் நஷ்டம் இல்லை. நஷ்டப்பட்டவருக்கு அது தகும். குற்றம் சொல்பவர்கள் யோக்கியமா. என் ஆட்களுக்காகச் செய்தேன்.

இந்த ஆய்வுகள் மேல் நெடுங்காலமாக ஒரு விமர்சனம் இருக்கிறது. சிறையில் உட்கார்ந்து ஒருவர் சொல்லும் சமாதானம், குற்றத்துக்கு முன் இருந்ததா பின் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? ஒரே ஒரு முறை நடந்த குற்றத்தில் பிரிப்பது கடினம்தான். சத்யம் போல மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடந்த குற்றத்தில் அந்தக் கேள்வியே கரைந்துபோகிறது. ஜூன் காலாண்டுக்குப் பின் சொல்லிக்கொண்ட சமாதானம்தான் செப்டம்பர் காலாண்டுக்கு முன் இருக்கும் அனுமதி. மனம் ஆறுவதற்காகச் சொன்னது அடுத்த முறை கதவைத் திறந்துவிடுகிறது. நீண்டகால மோசடிகளைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான விஷயம் இல்லை என்பது எங்கள் கருத்து.

கிரெஸ்ஸியின் முதல் நிபந்தனையும் இங்கே சற்றுத் திரும்பி நிற்கிறது. அவர் பார்த்தவர்களுக்குச் சிக்கல் முதலில், குற்றம் பிறகு. கடிதமோ வேறு காரணம் சொல்கிறது. நிறுவனர்களிடம் பங்கு குறைவாக இருந்ததால், செயல்பாடு மோசமென்று தெரிந்தால் வேறு யாராவது நிறுவனத்தைக் கையகப்படுத்துவார்கள், அப்போது 'இடைவெளி' வெளியே வந்துவிடும் என்ற பயம். அதாவது, சொல்ல முடியாத சிக்கல் என்பது ஏற்கெனவே செய்த பொய்தான். குற்றமே அடுத்த குற்றத்துக்கான நெருக்கடியை உற்பத்தி செய்தது.

கடிதத்தின் சொற்கள்

'உண்மை லாபத்துக்கும் கணக்கில் காட்டியதற்கும் இடையே சிறிதாகத் தொடங்கிய இடைவெளி, ஆண்டுகள் செல்லச் செல்ல வளர்ந்துகொண்டே போனது' என்ற பொருளில் கடிதம் எழுதுகிறது. இதில் எழுவாய் இடைவெளி. அது தானாகத் தொடங்கியது, தானாக வளர்ந்தது. இடைவெளியை நீக்க எடுத்த ஒவ்வொரு முயற்சியும் தோற்றது என்கிறது அடுத்த பகுதி. இங்கே தோற்றது முயற்சி. பிறகு வருவதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும் வரி: புலி மேல் சவாரி செய்வது போல இருந்தது, அதற்கு இரையாகாமல் எப்படி இறங்குவது என்று தெரியவில்லை.

அந்த உவமையில் புலிக்கு உயிர் உண்டு, வேகம் உண்டு, பசி உண்டு. மேலே இருப்பவர் மாட்டிக்கொண்டவர். ஆனால் நடந்ததை 'எச்' குறியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். புலிக்குத் தீனி போட்டவர் ஒருவர் இருந்தார், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கடிதம் அந்த ஆளைப் பற்றி ஒரு வாக்கியமும் எழுதவில்லை.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைகளில் உளவியலாளராக இருந்த க்ளென் வால்டர்ஸ் குற்றச் சிந்தனையை எட்டு பாணிகளாகப் பிரித்தார். வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் 1961இல் தொடங்கிய, குற்றவாளிகளின் சிந்தனை பற்றிய யோகெல்சன், சாமினோ ஆய்விலிருந்து அவர் நிறைய எடுத்துக்கொண்டார். அந்தப் பழைய ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பது பெரிய குறை. வால்டர்ஸ் அந்தக் கருத்துகளை அளந்து பார்க்கக்கூடிய கேள்வித்தாளாக மாற்றினார். எட்டில் மூன்று இந்தக் கடிதத்தில் தெளிவாகவே இருக்கின்றன.

முதலாவது மழுப்பல்: பழியை வெளிச் சூழலுக்குத் தள்ளுவது. கையகப்படுத்தல் பயம், வளர்ந்த இடைவெளி, புலி எல்லாம் இந்த வகை. இரண்டாவது மிதமிஞ்சிய நம்பிக்கை: செய்ததன் விளைவிலிருந்து எப்படியும் தப்பிவிடலாம் என்ற எண்ணம். 2008 டிசம்பர் 16 அன்று, நிறுவனர் குடும்பத்தின் கட்டுமான, நில நிறுவனங்களான மேடாஸ் இன்ஃப்ரா, மேடாஸ் ப்ராபர்ட்டீஸ் இரண்டையும் 160 கோடி டாலருக்கு வாங்க சத்யம் இயக்குநர் குழு ஒப்புக்கொண்டது. முதலீட்டாளர்கள் கொதித்ததால் சில மணி நேரத்தில் அது கைவிடப்பட்டது. பொய்ச் சொத்தின் இடத்தில் உண்மையான சொத்தை வைக்க எடுத்த கடைசி முயற்சி அது என்று கடிதம் ஒப்புக்கொள்கிறது. இல்லாத பணத்தைக் கொடுத்து நிலத்தை வாங்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று கடைசி மூன்று வாரத்திலும் நம்ப முடிந்திருக்கிறது.

மூன்றாவதைத்தான் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். வால்டர்ஸ் இதை உணர்ச்சிப் பூச்சு என்ற பொருளில் சொல்கிறார்: செய்யும் நல்ல காரியங்களைக் காட்டித் தன் மனக் கணக்கைச் சமன் செய்துகொள்வது. 108 ஆம்புலன்ஸ் சேவையை 2005இல் ஹைதராபாத்தில் தொடங்கிய இ.எம்.ஆர்.ஐ. அமைப்பை நிறுவியவர் ராஜுதான். 2008இல் தமிழ்நாட்டுக்கு 108 வந்ததும் அந்த அமைப்பின் வழியாகத்தான். அந்தச் சேவை உண்மையானது, அது காப்பாற்றிய உயிர்களும் உண்மையானவை. ஒருவரிடம் உண்மையான நன்மை இருப்பதால்தான் இந்தப் பாணி வலுவாக வேலை செய்கிறது. முழுக்கக் கெட்டவருக்கு இந்தச் சமாதானம் கிடைக்காது. 'இவ்வளவு நல்லது செய்தவரா இப்படிச் செய்திருப்பார்' என்று வெளியே இருப்பவர்கள் கேட்கும் கேள்வியும், உள்ளே இருப்பவர் தனக்குச் சொல்லிக்கொள்ளும் பதிலும் ஒரே வடிவம் கொண்டவை.

'நானோ மேலாண்மை இயக்குநரோ நிறுவனத்திலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை' என்ற வரி சைக்ஸ், மாட்ஸா சொன்ன இரண்டாம் வகைக்கு அருகில் வருகிறது. இதை நிகழ்வுகளோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். பொய்யாக உயர்ந்த விலையில் பங்குகளை விற்று அடைந்த லாபம் என்று 1,849 கோடி ரூபாயை வட்டியோடு திருப்பித் தரும்படி ராஜுவுக்கும் வேறு நால்வருக்கும் செபி 2014 ஜூலையில் உத்தரவிட்டது. தொகை பின்னர் மேல்முறையீடுகளில் மறுகணக்கீட்டுக்குப் போனது. தொகை எதுவானாலும், நிறுவனத்தின் கல்லாவிலிருந்து எடுப்பது மட்டுமே எடுப்பது என்ற வரையறையில்தான் அந்த வரி நிற்கிறது. அந்த விலையை நம்பிப் பங்கு வாங்கிய ஓய்வூதியக்காரர் அந்த வரையறைக்குள் வரவில்லை.

பொறுப்பு எந்த இடத்தில் இருக்கிறது

முதல் தவறில் என்பார்கள் பலர். முதல் காலாண்டில் மனம் தடுமாறியது, பிறகு வழியில்லை என்பது அதன் உட்பொருள். இதை நாங்கள் ஏற்கவில்லை. ஒவ்வொரு காலாண்டிலும் ஒரு வாசல் திறந்தே இருந்தது: முந்தைய கணக்கு தவறு என்று அறிவித்துத் திருத்தி வெளியிடுவது. பங்கு விழும், பதவி போகும், வழக்கு வரலாம். விலை உயர்ந்த வாசல்தான், ஆனால் மூடிய வாசல் இல்லை. அதற்கு ஆதாரம் ஜனவரி 7ஆம் தேதிக் கடிதமே. அன்று செய்ததை ஓராண்டுக்கு முன் செய்திருக்க முடியும். செய்திருந்தால் இடையில் பங்கு வாங்கியவர்கள் தப்பியிருப்பார்கள். விலை ஏறிக்கொண்டே போனது என்பது உண்மை. அந்த விலையை ஏற்றியதும் அவரவர் எடுத்த முடிவுதான்.

பொறுப்பு பலரிடம் பரவும்போது மனம் இன்னொரு வழியில் தப்பிக்கிறது: மேலே சொன்னார்கள், செய்தேன். ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் 2015 ஏப்ரல் 9 அன்று ராஜு உட்பட 10 பேருக்கும் ஏழு ஆண்டு கடுங்காவல் விதித்தது. அதில் ராஜு சகோதரர்கள், நிதித் தலைவர் மட்டுமல்ல, நிதிப் பிரிவு ஊழியர்கள், உள் தணிக்கைத் தலைவர், வெளித் தணிக்கை நிறுவனத்தின் இருவரும் இருந்தார்கள். ராஜு நீதிமன்றத்தில் குற்றச்சாட்டுகளை மறுத்தே வழக்காடினார். அடுத்த மாதம் மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது. வழக்கில் மறுப்பது குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் சட்டம் தரும் உரிமை. அதை வைத்து மனதை அளக்கக் கூடாது.

பொறுப்பேற்கும் வேலை எப்படி நடக்கிறது

சிறைகளிலும் நன்னடத்தைக் கண்காணிப்பிலும் இதற்குப் பயன்படும் அடிப்படைக் கருவி சிந்தனை அறிக்கை. அமெரிக்க தேசிய சீர்திருத்த நிறுவனம் 1997இல் வெளியிட்ட பாடத்திட்டத்தில் இது மையமானது. 8 முதல் 12 பேர் கொண்ட குழு, இப்போதைய வடிவில் 25 பாடங்கள். அறிக்கைக்கு நான்கு பகுதி. நடந்த சூழ்நிலை, கருத்துக் கலக்காமல் இரண்டு மூன்று வரியில். அப்போது மனதில் ஓடிய எண்ணங்கள், ஒன்று விடாமல், ஓடிய சொற்களிலேயே. உணர்வுகள். பின்னால் இருந்த நம்பிக்கை. பிறகு, எந்த எண்ணம் குற்றத்துக்கு நேராக வழிவிட்டது என்று அந்த நபரே சுட்ட வேண்டும்; அதற்குப் பதிலாகத் தன்னால் நினைக்கக்கூடிய வேறொன்றை அவரே எழுத வேண்டும்.

சத்யம் கடிதத்தை இந்த முறையில் திருப்பி எழுதினால் 'இடைவெளி வளர்ந்தது' என்பது இப்படி ஆகும்: '2008 செப்டம்பர் காலாண்டில் 2,112 கோடி வருவாயை 2,700 கோடி என்று காட்ட முடிவு செய்தேன். இந்தத் தடவை மட்டும், ஒப்பந்தம் முடிந்தால் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். கணக்கைத் திருத்தி வெளியிடும் வழி எனக்குத் தெரியும். பதவியை இழக்க விரும்பாததால் அதை எடுக்கவில்லை.' மூன்று விஷயம் மாறியிருக்கிறது. எழுவாய் 'நான்'. தேதி உண்டு. தவிர்த்த மாற்று வழியும் அதைத் தவிர்த்த காரணமும் எழுதப்பட்டிருக்கின்றன. இந்த மூன்றாவதுதான் வாக்குமூலத்தையும் வருத்தத்தையும் பிரிக்கிறது. அதை எழுத வைப்பதற்குத்தான் அதிக அமர்வுகள் ஆகும்.

இதில் கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. நடத்துபவர் குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கினால், எதிரே இருப்பவர் சரியான சொற்களைக் கற்றுக்கொள்கிறார், சிந்தனை அப்படியே இருக்கிறது. படித்தவர்களிடம் இது இன்னும் வேகமாக நடக்கும். சாக்குச் சொல்வதையே ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வதும் தவறு. ஆய்வாளர்கள் ஷாட் மருனா, ரூத் மேன் இருவரும் 2006இல் எடுத்துக்காட்டியதுபோல, செய்த தவறுக்கு வெளிக் காரணம் தேடுவது எல்லா மனிதருக்கும் இயல்பு. அதை உடைத்தால் மறுகுற்றம் குறையும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். எனவே குறி வைக்க வேண்டியது நடந்துமுடிந்ததற்கான சாக்கை அல்ல, அடுத்த முறைக்கு அனுமதி தரும் எண்ணத்தை. 'வளர்ப்பு சரியில்லை' என்பது சாக்கு. 'யாரும் கவனிக்க மாட்டார்கள், நாளை திருப்பி வைத்துவிடலாம்' என்பது அனுமதி.

பலன் உண்டா என்றால், உண்டு. ஆய்வாளர் லிப்ஸியின் குழு சிந்தனையை மாற்றும் இத்தகைய சிகிச்சைகள் பற்றிய 58 ஆய்வுகளை 2007இல் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சை பெறாதவர்களில் சுமார் 40 சதவீதம் மீண்டும் குற்றம் செய்தால், பெற்றவர்களில் அது 30 சதவீதமாக இருந்தது. மீண்டும் குற்றம் செய்யும் ஆபத்து அதிகமுள்ளவர்களிடம்தான் பலன் அதிகம். இந்த எண்கள் பெரும்பாலும் வழக்கமான சிறைக் கைதிகளைப் பற்றியவை. உயர் பதவிக் குற்றவாளிகளுக்கு நேராகப் பொருத்த முடியாது. வேலை, குடும்பம், படிப்பு எல்லாம் இருப்பதால் வழக்கமான ஆபத்து அளவைகளில் அவர்கள் தாழ்ந்த மதிப்பெண்ணே பெறுவார்கள். அந்த மதிப்பெண்ணை நம்பி ஒருவரை மீண்டும் கையெழுத்து அதிகாரத்தில் உட்கார வைப்பது கருவியைத் தவறாகப் பயன்படுத்துவது.

ஆகவே இவர்கள் விஷயத்தில் மனதைத் திருத்துவதோடு, அனுமதி எண்ணத்துக்குக் கிடைக்கும் கால அவகாசத்தையும் வெட்ட வேண்டும். சத்யத்தில் நிரந்தர வைப்பாகக் காட்டியது 3,300 கோடி ரூபாய்க்கு மேல். உண்மையில் இருந்தது சுமார் 10 கோடி. ரசீதுகளும் வங்கிக் கடிதங்களும் போலி. தணிக்கையாளர் இருப்பு உறுதிக் கடிதத்தைத் தானே நேராக வங்கிக்கு அனுப்பி, பதிலையும் நேராகத் தானே வாங்க வேண்டும் என்பது தணிக்கையின் அடிப்படை விதி. நிறுவனத்தின் கை வழியாக வந்த காகிதத்தை ஏற்றுக்கொண்டதால் அந்த விதி இங்கே செத்துப்போனது. வங்கியிலிருந்து பதில் நேராக வரும் என்று தெரிந்த இடத்தில், 'அடுத்த காலாண்டில் சரிசெய்துவிடலாம்' என்ற எண்ணத்துக்கு மூன்று மாத அவகாசம் கிடைக்காது. அதிகம் போனால் சில வாரங்கள். அந்தக் கடிதத்தை அனுப்ப ஆகும் செலவு ஒரு தபால்தலை.